கத்திரி வெயிலில் டெங்கு எப்படி வருகிறது: வெப்பநிலையும் கொசுவின் ஆயுளும்

கேள்வி இது. பாளையங்கோட்டையில் கத்திரி நேரத்தில் ஒரே தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு உறுதியாகியிருக்கிறது. "இந்த வெயில்ல மனுசனே தாங்க முடியலை, கொசு எங்க தாங்கும்? டெங்கு மழைக்காலத்துலதான வரும்?" என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். வெப்பம் கூடினால் கொசு வைரஸைப் பரப்பும் திறன் கூடுமா, குறையுமா? எத்தனை டிகிரியில் ஆபத்து அதிகம்?

ஒரு கட்டம் வரை கூடும், அதற்கு மேல் குறையும். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்கு மிகத் தோதான வெப்பநிலை சுமார் 29 டிகிரி செல்சியஸ். 18-க்குக் கீழே பரவல் ஏறக்குறைய நின்றுவிடும். 34, 35-ஐத் தாண்டினாலும் அப்படியே. 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆய்வகங்களில் அதுவரை கிடைத்த அளவீடுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு இது. இதைப் படித்ததும், "நம்ம ஊரில் பகலில் 38 அடிக்கிறது, அப்போ கொசுவால் ஒன்றும் செய்ய முடியாது" என்று தோன்றும். அங்கேதான் கணக்கு தப்புகிறது. 38 என்பது தொலைக்காட்சியில் சொல்லும் வெளி வெப்பநிலை. ஏடிஸ் கொசு வெயிலில் உட்காருவதில்லை. உங்கள் வீட்டுக்குள், கொடியில் தொங்கும் சட்டைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், பீரோ இடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே எத்தனை டிகிரி என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் கொசுவின் வயிற்றுக்குள் நடப்பதைப் பார்த்துவிட வேண்டும். டெங்கு உள்ளவரைக் கடித்த கொசு, மறு நிமிடமே பக்கத்தில் இருப்பவரைக் கடித்து நோயைக் கொடுத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. குடித்த ரத்தம் கொசுவின் நடுக்குடலுக்குப் போகிறது. வைரஸ் முதலில் அந்தக் குடல் சுவரின் செல்லுக்குள் நுழைய வேண்டும். அங்கே பெருக வேண்டும். பிறகு சுவரைத் தாண்டி உடல் திரவத்துக்கு வர வேண்டும். கடைசியாக உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஏறி அங்கேயும் பெருக வேண்டும். எச்சிலில் வைரஸ் வந்த பிறகுதான் கடித்தால் நோய் ஒட்டும். வழியில் எந்தத் தடுப்பில் நின்றுபோனாலும் அந்தக் கொசுவால் ஆபத்தில்லை. எல்லாத் தடையையும் தாண்டி எச்சிலில் ஏறிவிட்டாலோ, சாகும் வரை அது இறங்காது. அதன்பின் ஒவ்வொரு கடியும் ஆபத்துதான்.

ரத்தம் குடித்த நாளிலிருந்து எச்சிலில் வைரஸ் வரும் நாள் வரை உள்ள இடைவெளியை இங்கே முதிர்வுக் காலம் என்று வைத்துக்கொள்வோம். நம் உடம்பு எப்போதும் 37 டிகிரியைக் காத்துக்கொள்கிறது. கொசுவுக்கு அந்த வசதி கிடையாது. உட்கார்ந்திருக்கும் இடத்தின் சூடுதான் அதன் உடம்பின் சூடு. எனவே வைரஸ் பெருகும் வேகத்தை அறையின் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. டெங்கு வைரஸுக்குப் பல ஆய்வுகளைத் திரட்டி 2012-இல் வெளியிட்ட கணக்கில், 25 டிகிரியில் முதிர்வுக் காலம் சராசரி 15 நாள், 30 டிகிரியில் 6.5 நாள். ஐந்தே டிகிரி கூடினால் நாள் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. 1987-இல் வெளியான இன்னொரு சோதனையில் 30 டிகிரியில் 12 நாளும், 32 மற்றும் 35 டிகிரியில் 7 நாளும் ஆயின. வைரஸ் வகையும் கொசுவின் பூர்வீகமும் மாறினால் எண்ணும் மாறும். போக்கு மாறுவதில்லை: சூடு கூடக் கூட நாள் குறையும். சராசரி என்பதால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 30 டிகிரியில் சில கொசுக்களுக்கு மூன்று நாளிலேயே முதிர்ந்துவிடும், சிலவற்றுக்குப் பத்து நாளுக்கு மேலும் ஆகும்.

இந்த நாள் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கொசுவின் ஆயுள் குறைவு. கொசு சாவதும் வைரஸ் முதிர்வதும் ஒரு பந்தயம் மாதிரி. வெளியில் வாழும் ஏடிஸ் கொசுக்களில் நாளொன்றுக்கு நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை சாவது சாதாரணம். பதினைந்து சாகிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். டெங்கு நோயாளியின் ரத்தத்தைக் குடித்து வைரஸ் தொற்றிய 100 கொசுக்கள் இருக்கின்றன. அறை 25 டிகிரி என்றால் 15 நாள் கழித்து உயிரோடு இருப்பவை 9. அறை 27 என்றால் முதிர்வு சுமார் 10 நாள், மிஞ்சுபவை 20. அறை 30 என்றால் ஆறரை நாள், மிஞ்சுபவை 35. கொசுவின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை, சூடு மட்டும் ஐந்து டிகிரி கூடியிருக்கிறது. நோய் கொடுக்கக்கூடிய கொசு நாலு மடங்காகிவிட்டது. தெருவில் "போன மாசத்தை விட இப்ப கொசு ஒண்ணும் அதிகமில்லையே" என்று சொல்லும்போதே காய்ச்சல் ஏறுவது இதனால்தான். கண்ணில் படும் கொசுவின் எண்ணிக்கையை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. அதிலும் இரவில் காதருகே ரீங்காரமிடுபவை பெரும்பாலும் சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ். அவற்றுக்கும் டெங்குவுக்கும் சம்பந்தமில்லை.

மேல் எல்லைக்கு வருவோம். 34-க்கு மேல் வைரஸ் இன்னும் வேகமாகத்தான் முதிரும். ஆனால் கொசு தாங்காது. நாளுக்குப் பதினைந்துக்குப் பதில் முப்பது செத்தால், ஆறே நாளில் முதிர்ந்தாலும் நூற்றில் 12தான் மிஞ்சும். முட்டையிடுவதும் குறையும், புழு நிலையிலும் சாவு கூடும், சூடான தண்ணீரில் வளர்ந்து வரும் கொசு சிறுத்துப் போயிருக்கும். காற்றில் ஈரம் இல்லாவிட்டால் இது இன்னும் மோசமாகும். வறண்ட 35-ம் ஈரமான 35-ம் கொசுவுக்கு ஒன்றல்ல. ஆனி, ஆடியில் மலைக்கு இந்தப் பக்கம், குறிப்பாக நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் பக்கமெல்லாம் அடிக்கும் வறண்ட காற்று கொசுவை வாட்டும். அதே நாட்களில் குற்றாலச் சாரல் விழும் தென்காசிப் பக்கத்தில் அப்படி இல்லை. வெறும் வெப்பநிலைப் படத்தைப் பார்த்து இரண்டையும் ஒரே கணக்கில் போடக் கூடாது.

சிக்குன்குனியாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வைரஸ் கொசுவுக்குள் மிக வேகமாக முதிர்கிறது. வெதுவெதுப்பான சூழலில் இரண்டு மூன்று நாளே போதும். எனவே சூடு கூடுவதால் அதற்குக் கிடைக்கும் கூடுதல் லாபம் டெங்குவுக்குக் கிடைப்பதை விடக் குறைவு. இரண்டு மூன்று நாளில் முதிரும் வைரஸுக்குக் கொசுவின் ஆயுள் ஒரு தடையே இல்லை. 2006-இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா வீடு வீடாகப் புகுந்து படுக்கப் போட்ட வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அறையின் சூடு. சித்திரை, வைகாசியில் திருநெல்வேலியில் வெளியே பகல் 37, 38-ஐத் தொடும், சில நாள் 40-ஐயும் எட்டும். இரவில் 26, 27-க்குக் கீழே இறங்குவதில்லை. ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏற்ற இறக்கம். வீட்டுக்குள் அப்படி ஏறி இறங்காது. ஓட்டு வீட்டின் தாழ்ந்த உள்ளறை, ஜன்னல் சாத்திய நடு அறை, மேலே இன்னொரு மாடி உள்ள தரைத்தளம் இவற்றில் எல்லாம் பகல் உச்சத்திலும் வெளியை விடச் சில டிகிரி குறைவாக இருக்கும். நேர் வெயில் வாங்கும் காங்கிரீட் கூரைக்குக் கீழே உள்ள அறை மாலையில் சுட்டுக்கொண்டிருக்கும். இரவிலும் சூடு இறங்காது. கொசு எது தோதோ அந்த அறைக்குப் போய்விடும். தரையை ஒட்டி, ஈரமுள்ள இடமாகப் பார்த்து உட்காரும். குளியலறை, அடுக்களையில் பாத்திரம் கழுவும் மூலை, குடத்தடி.

இந்த ஏற்ற இறக்கமும் சும்மா இருப்பதில்லை. 2011-இல் வந்த ஓர் ஆய்வில், சராசரி 26 டிகிரியாகவே வைத்துக்கொண்டு, ஒரு கூட்டம் கொசுவுக்குப் பகலிரவு வித்தியாசத்தை அதிகமாக்கினார்கள், இன்னொரு கூட்டத்துக்குக் குறைத்தார்கள். வித்தியாசம் அதிகமான கூட்டத்தில் டெங்கு வைரஸ் தொற்றியவை குறைவு, ஆயுளும் குறைவு. வித்தியாசம் குறைவாக, சராசரி ஒரே சீராக இருந்தால் கொசுவுக்குத்தான் நல்லது. வீட்டுக்குள் இருக்கும் சூழல் அந்த இரண்டாவது வகை. மழைக்கால மேகமூட்டமும் அதே வகை: ஐப்பசி, கார்த்திகையில் பகல் 30, 31, இரவு 23, 24.

உங்கள் வீட்டில் எப்படி என்று ஊகிக்க வேண்டியதில்லை. அன்றைய உச்சத்தையும் தாழ்வையும் பதிந்து வைக்கும் அறை வெப்பமானி ஒன்று வாங்குங்கள். பல பேர் அதைச் சுவரில் ஆள் உயரத்தில் ஆணி அடித்து மாட்டிவிடுவார்கள், அல்லது டிவி, ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வைப்பார்கள். இரண்டும் தப்பு. ஏடிஸ் உட்காருமிடம் இடுப்புக்குக் கீழே. கட்டிலுக்கு அடியிலோ துணிக் கொடிக்குக் கீழேயோ, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேராகப் படாத இடத்தில் வைத்து ஒரு வாரம் குறியுங்கள். உச்சமும் தாழ்வும் 28-க்கும் 33-க்கும் நடுவில் நின்றால், வெளியே எவ்வளவு கொளுத்தினாலும் அந்த வீடு கொசுவுக்கு உகந்த வீடுதான். உச்சம் தினமும் 36-ஐத் தாண்டினால் அந்த அறையில் கொசு நிற்காது; அடுத்த அறையைத் தேடுங்கள்.

அறையில் எண்ணைக் குறித்துவிட்டுத் தொட்டியை மறந்துவிடக் கூடாது, ஏனென்றால் கொசுவின் முதல் பாதி வாழ்க்கை தண்ணீருக்குள். முட்டை பொரித்ததிலிருந்து கொசுவாகப் பறக்கும் வரை 15 டிகிரித் தண்ணீரில் ஏறக்குறைய 40 நாள் ஆகும். 25-இல் பத்து நாள் போல. 30-க்கு மேல் 7, 8 நாள். நிழலில் உள்ள சிமெண்ட் தொட்டி, தரைக்கு அடியில் உள்ள சம்ப் இரண்டிலும் கத்திரியிலும் தண்ணீர் கொதிப்பதில்லை, புழுவுக்கு இதமாகத்தான் இருக்கும். புழுவைக் கொல்ல 40 டிகிரிக்கு மேல் தண்ணீர் சுட வேண்டும். மொட்டை மாடியில் மூடி இல்லாமல் கிடக்கும் ஆழமில்லாத தட்டில் அது நடக்கும், நிழலில் உள்ள தொட்டியில் நடக்காது.

"வாரம் ஒருமுறை தொட்டி கழுவு" என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். நம் பக்கத்து வெயில் மாதங்களுக்கு அந்த ஏழு நாள் போதாது என்பது என் கருத்து. 30 டிகிரிக்கு மேல் ஏழாம் நாளிலேயே கொசு கிளம்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கழுவ நினைத்தது திங்கள், செவ்வாய் என்று ஒரு நாள் தள்ளிப்போனால் ஒரு தலைமுறையே பறந்துவிட்டது என்று அர்த்தம். பங்குனி முதல் ஆவணி வரை ஐந்து நாளுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தையில் ஏழு நாள் போதும்.

கழுவுவது என்றால் தண்ணீரைக் கவிழ்ப்பது மட்டும் இல்லை. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் இடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். கறுப்பாக, மிளகுத் தூள் தூவியதுபோல் இருக்கும். சொரசொரப்பான சிமெண்ட் சுவரில் கண்ணுக்கே தெரியாது. காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். அதனால் தொட்டியைக் காலி செய்துவிட்டு, தேங்காய் நார் அல்லது கெட்டி பிரஷ்ஷால், பிளீச்சிங் பவுடர் போட்டு, தண்ணீர் நின்ற கோட்டிலிருந்து ஒரு சாண் மேல் வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். கழுவின தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வெயில் படும் மண்ணில் ஊற்றுங்கள். தொட்டி பெரியது, காலி செய்ய முடியாது என்றால் மூடி போட்டு, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே உள்ள இடுக்கைத் துணியால் அடைக்க வேண்டும். மூடியில் விரல் நுழையும் ஓட்டை இருந்தால் மூடாததற்குச் சமம். உள்ளே இருட்டும் ஈரமும் சேர்வதால் மூடாததை விடவும் கொசுவுக்குப் பிடித்த இடமாகிவிடும்.

புழுவைக் கொல்லத் தண்ணீரில் போடும் அபேட் மருந்தைப் பொறுத்தவரை, குருணை வடிவில் வரும் 1 சதவீத மருந்து என்றால் 10 லிட்டருக்கு 1 கிராம். 200 லிட்டர் டிரம்முக்கு 20 கிராம், 1000 லிட்டர் தொட்டிக்கு 100 கிராம். இந்த அளவில் புழங்கும் தண்ணீரில் போடலாம். நீர்மமாக வரும் 50 சதவீத மருந்தை வீட்டில் நீங்களாக அளந்து ஊற்ற வேண்டாம். அதை நீர்க்கச் செய்து கொண்டுவருவது கொசு ஒழிப்புப் பணியாளர்களின் வேலை. அவர்கள் வரும்போது "குடிக்கிற தண்ணி, மருந்து ஊத்தாதீங்க" என்று கதவைச் சாத்துகிறார்களே, அந்த வீட்டுத் தொட்டிதான் தெரு முழுவதற்கும் கொசு கொடுக்கும். மருந்து ஊற்றியும் புழு நெளிகிறது என்றால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: தினமும் எடுத்து எடுத்து நிரப்பும் தொட்டியில் மருந்து சீக்கிரமே நீர்த்துப்போகும். நிரப்பும் வேகம் கூடுதலாக உள்ள கோடையில் மருந்துக்கு இடைவெளியும் குறைய வேண்டும்.

எங்கே தேடுவது? கோடையில் நம் பக்கத்தில் முக்கியமான இடம் சேமித்து வைக்கும் தண்ணீர். குழாயில் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்னும்போது வீட்டில் இருக்கும் குடம், டிரம், சிமெண்ட் தொட்டி, அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். மழையே இல்லாமல் கொசு பெருகுவது இப்படித்தான். 2012-இல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு, 66 சாவு என்று அரசுக் கணக்கில் பதிவானது. அந்த ஆண்டு மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது திருநெல்வேலி மாவட்டம். அப்போது அந்த மாவட்டத்தில் இருந்த, இப்போது தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்ட கடையநல்லூரில் காய்ச்சல் உச்சம் தொட்டது வடகிழக்குப் பருவமழைக்கு எத்தனையோ மாதம் முன்பு, கோடை முடியும் முன்பே. டெங்கு மழைக்கால நோய் என்று இன்னமும் நம்புகிறவர்கள் அந்த ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும்.

கோடை மழை ஒன்று விழுந்தால் இன்னும் சில இடங்கள் சேரும். தின்றுவிட்டு எறிந்த நுங்குக் கூந்தல், தேங்காய்ச் சிரட்டை, விழுந்து கிடக்கும் தென்னம்பாளை, கொல்லையில் போட்ட ஆட்டுரல் குழி, கூரை மேல் பாரத்துக்கு வைத்த பழைய டயர். ஃப்ரிட்ஜின் பின்னால் அடியில் உள்ள தட்டைக் கட்டாயம் பாருங்கள். மோட்டார் சூட்டில் அந்தத் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆண்டு முழுக்கப் புழு வளரும். அதை இழுத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

மழையிலிருந்து காய்ச்சல் வரை எத்தனை நாள் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியும். ஐப்பசி முதல் வாரத்தில் நல்ல மழை என்று வையுங்கள், சராசரி 27 டிகிரி. காய்ந்து கிடந்த முட்டைகள் உடனே பொரிக்கும், கொசுவாக 9 நாள். முதல் ரத்தத்துக்கு 2 நாள். அது ஏற்கெனவே காய்ச்சலில் உள்ளவரின் ரத்தமாக இருந்தால் முதிர்வுக்கு 10 நாள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர 5, 6 நாள். மொத்தம் 26, 27 நாள். அதாவது ஐப்பசி மழைக்குக் கார்த்திகைத் தொடக்கத்தில் காய்ச்சல். இதே கணக்கை சித்திரைக் கோடை மழைக்குப் போடுங்கள், அறை 30 டிகிரி: 7, 2, 6, 5 என்று மூன்றே வாரத்தில் முடிந்துவிடும். மழைக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் கிடைக்கும் அவகாசம் கோடையில் ஒரு வாரம் குறைவு. கொசு ஒழிப்புப் பணியை ஐப்பசி பிறந்ததும் தொடங்கும் வழக்கம் இந்த ஒரு வாரத்தைத்தான் கணக்கில் எடுப்பதில்லை.

மலைப்பக்கம் வேறு கதை. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து போன்ற உயரங்களில் இரவு வெப்பநிலை 20-க்குக் கீழே இறங்கும் மாதங்களில், வைரஸ் முதிர்வதற்குள் கொசுவின் ஆயுள் முடிந்துவிடும். ஆனால் அங்கே இன்னொரு கொசு உண்டு: உடம்பில் வெள்ளைப் புள்ளிகளும் முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடும் கொண்ட ஏடிஸ் ஆல்போபிக்டஸ். இதற்குத் தோதான வெப்பநிலை சுமார் 26 டிகிரி, எஜிப்தியை விட மூன்று டிகிரி குறைவு. மரம் செடி உள்ள இடம் பிடிக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ரப்பர் தோட்டங்களில் பால் வடிக்கும் கிண்ணங்களில் மழைத் தண்ணீர் தேங்கி வளர்வது இந்தக் கொசுதான். ஆகவே குளிர்ந்த இடம் என்பதால் கவலை இல்லை என்று சொல்லிவிட முடியாது. குளிர்ந்த தண்ணீரில் வளர்ந்த கொசுவின் உடம்பில், வைரஸை எதிர்க்கும் செல் அளவிலான தற்காப்பு பலவீனமாக இருப்பதாகவும் ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். அதாவது புழுவாக இருந்த காலத்து வெப்பநிலை, பறக்கும் காலத்திலும் கொசுவின் உடம்பில் தங்கியிருக்கிறது.

தாமிரபரணிப் பாசன வயல்களில் கார், பிசானம் இரண்டு பருவத்திலும் பெருகும் கியூலெக்ஸ் வகைகள் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியவை. சூட்டுக்கும் முதிர்வுக்கும் உள்ள உறவு அங்கேயும் இதே போல்தான். ஆனால் அதில் பன்றி, கொக்கு, நாரை என்று இன்னும் பல கண்ணிகள் உண்டு, குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் உண்டு. இங்கே அதற்குள் போகவில்லை.

புகை மருந்து அடிப்பதிலும் வெப்பநிலை குறுக்கே வரும். புகையின் நுண்துளிகள் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குள் மிதந்தால்தான் கொசுவின் மேல் படும். வெயில் ஏறிய பிறகு தார் ரோடும் காங்கிரீட்டும் சூடாகி, அதன் மேல் உள்ள காற்று மேலே கிளம்பும். புகையும் அதோடு போய்விடும். பகல் பதினொரு மணிக்கு மெஷின் தூக்கிக்கொண்டு வந்தால் சத்தம்தான் மிச்சம். காலை 6 முதல் 8, மாலை 5 முதல் 7, இந்த நேரங்களில்தான் அடிக்க வேண்டும். ஏடிஸ் நடமாடும் நேரமும் ஏறக்குறைய அதுவே. காற்று மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் வீசினாலும் வீண். ஆடிக் காற்றில் அடிப்பது அப்படித்தான். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டால் உள்ளே உட்கார்ந்திருக்கும் கொசுவுக்கு ஒன்றும் ஆகாது. திறந்து வைத்து, உணவையும் தண்ணீரையும் மூடிவிட்டு, அரை மணி நேரம் வெளியே இருங்கள். புகை புழுவைக் கொல்லாது என்பதால், அடித்த மறுநாள் தொட்டியிலிருந்து புதுக் கொசு கிளம்பும்.

பலர் கேட்கும் இன்னொன்று, வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய கொசுக்களை விட்டு டெங்குவைத் தடுக்கும் முறை. பாக்டீரியா உள்ள கொசுவுக்குள் வைரஸ் சரியாகப் பெருகாது. புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி நிறுவனம் இப்படி இரண்டு வகைக் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-இல் அறிவித்தது. இதிலும் சூடுதான் சிக்கல். பல நாடுகளில் பயன்படும் ஒரு வகை வோல்பாக்கியா, புழு வளரும் தண்ணீர் 26-க்கும் 37-க்கும் நடுவே தினமும் ஏறி இறங்கினால் கொசுவின் உடம்பிலிருந்து கரைந்துபோகிறது. சூட்டைத் தாங்கும் இன்னொரு வகை உண்டு. மலேசியாவின் கோலாலம்பூரில் அதைத்தான் விட்டார்கள். நம் பக்கத்துக்கு எதுவாவது வருவதென்றால் அந்த இரண்டாவது வகையாக இருப்பதே பொருத்தம்.

உங்கள் தெருவின் இரண்டு நோயாளிகளுக்கு வருகிறேன். இருவருக்கும் காய்ச்சல் தொடங்கிய தேதியைக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதி வேண்டாம், முதல் சூடு கண்ட தேதி. இடைவெளி இரண்டு மூன்று நாள் என்றால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வரவில்லை. கொசுவுக்குள் முதிர்வதற்கும், கடிபட்டபின் காய்ச்சல் வருவதற்கும் சேர்த்தே பதினோரு நாள் வேண்டும். ஏற்கெனவே வைரஸ் முதிர்ந்த ஒரே கொசு அல்லது ஒரே இடத்துக் கொசுக்கள் இருவரையும் கடித்திருக்கின்றன. ஏடிஸ் பெரும்பாலும் நூறு இருநூறு மீட்டருக்குள் சுற்றும் கொசு. இரண்டு வீட்டுக்கும் நடுவே, இருவரும் பகலில் போய்வரும் இடத்தில், பள்ளிக்கூடமோ கடையோ டியூஷன் வீடோ, தொட்டியைத் தேடுங்கள். இடைவெளி 11 முதல் 16 நாள் என்றால் முதல் நோயாளியைக் கடித்த கொசுதான் இரண்டாமவருக்குக் கொடுத்திருக்கிறது. தேட வேண்டியது முதல் நோயாளியின் வீடு.

எப்படியானாலும் காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்து ஐந்தாம் நாள் வரை அவர் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அந்த நாட்களில் பகலிலும் கொசு வலைக்குள் படுக்க வைக்க வேண்டும். ஏடிஸ் பகலில் கடிப்பது, இரவில் மட்டும் வலை கட்டிப் பயனில்லை. அறை 30 டிகிரி என்றால் அவரைக் கடித்த கொசுக்களில் பெரும்பாலானவை ஆறாம் ஏழாம் நாள் வரை ஆபத்தில்லாதவை. எனவே முதல் நாலு நாளுக்குள் அந்த வீட்டின் உள்ளறைகளில், கட்டிலடி, துணிக்கொடி, குளியலறை மூலை என்று கொசு உட்காரும் இடங்களில் மருந்து அடிக்கச் செய்து, தொட்டிகளையும் தேய்த்துக் கழுவிவிட்டால் பாதிச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் அந்த நாலு நாளும் போய்விடும். காய்ச்சல் கண்ட அன்றே தொடங்குங்கள்.